ஜப்பானில் வீடு தேடும் வெளிநாட்டவர்: மரியாதை குறையாமல் வரும் மறுப்பு

டோக்கியோவில் வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டுமென்றால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு வீட்டு புரோக்கர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கண்ணாடி முழுக்க வீடுகளின் வரைபடங்கள் ஒட்டியிருக்கும். உள்ளே உட்காரவைத்து, டீ கொடுத்து, எந்த ரயில் பாதை, நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை, வாடகை எவ்வளவு வரை போகலாம் என்று பொறுமையாகக் கேட்பார்கள். ஒரு வீடு பிடித்துப்போகும். புரோக்கர் உங்கள் எதிரிலேயே போனை எடுத்து ஓனர் தரப்பைக் கூப்பிடுவார். வேலை, சம்பளம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு குரல் கொஞ்சம் இறங்கும்: "வெளிநாட்டவர்தான், ஆனால் ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுகிறார்." மறுமுனையில் ஏதோ பதில் வரும். புரோக்கர் போனைப் பார்த்தே தலை குனிந்து "புரிகிறது, புரிகிறது" என்பார். அப்புறம் உங்கள் பக்கம் திரும்பி, அதைவிடக் கொஞ்சம் ஆழமாகக் குனிந்து மன்னிப்புக் கேட்பார். அடுத்த வரைபடத்தைக் கையில் எடுப்பார்.

இதில் யாரும் யாரையும் திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. வெளிநாட்டில் இனவெறி என்றதும் நம் மனசில் வருவது வேறு மாதிரி: 2009-ல் மெல்பர்னில் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்ட செய்தி, லண்டன் பஸ்ஸில் யாரோ கத்தும் வீடியோ. ஜப்பானில் வெளிநாட்டவர் ஒருவர் தெருவில் அடி வாங்குவது அரிது. இரவு பன்னிரண்டு மணிக்குத் தனியாக நடந்து போகலாம், பர்ஸைத் தொலைத்தால் திரும்பக் கிடைக்கும் என்று அங்கே இருப்பவர்கள் சொல்வது உண்மைதான். அதே ஆட்கள்தான் மூன்றாவது, நான்காவது வீடும் கைநழுவிய கதையையும் சொல்வார்கள்.

இது ஆளுக்கு ஆள் சொல்லும் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2016 இறுதியில் ஜப்பான் நீதி அமைச்சகமே 37 நகராட்சிப் பகுதிகளில் 18,500 வெளிநாட்டவருக்கு வினாத்தாள் அனுப்பியது. 4,252 பேர் பதில் எழுதினார்கள். முடிவு 2017 மார்ச்சில் வெளியானது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீடு தேடியவர்களில் 39.3 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்பதற்காகவே வீடு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஜப்பானிய ஜாமீன்தாரர் இல்லாததால் மறுக்கப்பட்டவர்கள் 41.2 சதவீதம். 26.8 சதவீதம் பேர் ‘வெளிநாட்டவருக்கு இல்லை’ என்ற விளம்பரத்தைப் பார்த்துத் தாங்களாகவே ஒதுங்கிக்கொண்டார்கள். வேலை தேடியவர்களில் நான்கில் ஒருவருக்கு அதே காரணத்தால் வேலை மறுக்கப்பட்டிருந்தது. அரசாங்கம் தானே எடுத்த கணக்கு என்பதால் இதைப் பெரிதுபடுத்தப்பட்டது என்று ஒதுக்க முடியாது.

ஓனர் தரப்பு நியாயம் ஒன்று இருக்கிறது, அதையும் கேட்டுவிடலாம். ஜப்பானில் சின்ன அபார்ட்மென்ட் கட்டிடங்களின் சொந்தக்காரர்கள் பலர் வயதானவர்கள். எட்டு வீடு, பத்து வீடு கொண்ட மரக் கட்டிடம் ஒன்று, அதன் வாடகைதான் பென்ஷனுக்கு மேல் வரும் வருமானம். அந்த ஊர் வாடகைச் சட்டம் குடியிருப்பவர் பக்கம் வலுவாக நிற்கிறது. ‘நியாயமான காரணம்’ இல்லாமல் ஓனர் ஒருவரைக் காலி செய்யச் சொல்ல முடியாது. வழக்கமான ஒப்பந்தம் என்றால் காலம் முடிந்தாலும் முடியாது. ஒரு மாத வாடகை பாக்கி வைத்தார் என்பதற்காக நீதிமன்றம் லேசில் வெளியேற்றாது. ஆக, உள்ளே விட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்பதால் வாசலிலேயே வடிகட்டுகிறார்கள். முன்பணம், திரும்பக் கிடைக்காத ‘சாவிப் பணம்’, ஜாமீன்தாரர், ஜாமீன் கம்பெனிக்குக் கட்டணம், அவசரத்துக்குக் கூப்பிட ஜப்பானில் இருக்கும் ஒருவரின் எண் என்று பட்டியல் நீளும். இப்போதெல்லாம் உறவினர் யாராவது ஜாமீன் நிற்பதைவிட ஜாமீன் கம்பெனிதான் அதிகம். அந்தக் கம்பெனியும் தன் பங்குக்கு விண்ணப்பத்தைச் சலித்து எடுக்கும்.

ஓனர்கள் சொல்லும் காரணங்களும் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். குப்பை பிரிக்கத் தெரியாது. எரியும் குப்பை செவ்வாய், வெள்ளி, பிளாஸ்டிக் புதன் என்று ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு கணக்கு இருக்கும், தவறினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓனருக்குப் போன் போடுவார்கள். ராத்திரியில் சத்தம். ஒருவர் பெயரில் எடுத்து ஐந்து பேர் தங்குவது. சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுவது. நம் ஆட்கள் என்றால் கூடுதலாக ஒன்று: மசாலா வாசனை சுவர் காகிதத்தில் ஏறிவிடும், காலி செய்யும்போது முழுச் சுவரையும் மாற்ற வேண்டும். சென்னையில் ‘வெஜிடேரியன் மட்டும்’ போர்டுக்குப் பின்னால் என்ன கேள்வி ஒளிந்திருக்கிறது என்று தெரிந்த நமக்கு இது ஒன்றும் புரியாத பாஷை அல்ல.

இந்தக் காரணங்கள் சில சமயம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் குப்பையைச் சரியாகப் பிரிப்பாரா என்று யாரும் கேட்பதில்லை. பதினைந்து வருஷம் அதே ஊரில் வேலை செய்து, நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வாங்கி, குழந்தைகளை அங்கேயே பள்ளியில் சேர்த்தவருக்கும் நேற்று விமானத்தில் வந்து இறங்கியவருக்கும் அந்தப் போன் அழைப்பில் ஒரே பெயர்தான். தனியாக வாழும் முதியவர்களுக்கும் இதே போல் கதவு மூடப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளேயே இறந்துபோனால் அந்த வீட்டுக்கு மறுபடி ஆள் வராது என்ற பயம். 2017-ல் வீட்டு வசதிச் சட்டம் ஒன்றைத் திருத்தி, வீடு கிடைக்கச் சிரமப்படுபவர்கள் என்ற வகையில் முதியவர், மாற்றுத்திறனாளி, வெளிநாட்டவர் எல்லோரையும் சேர்த்தார்கள். இவர்களை மறுக்காத வீடுகள் என்று ஓனர்களே முன்வந்து பதிவு செய்துகொள்ளலாம். கவனியுங்கள், முன்வந்தால்தான். மறுத்தால் குற்றம் என்று அந்தச் சட்டத்தில் இல்லை.

டோக்கியோவின் கிழக்கில் எதோகாவா வட்டத்தில் நிஷிகசாய் என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழ் ஐ.டி. ஊழியர்கள் பலருக்குப் பழக்கமான பெயர். இந்தியக் குடும்பங்கள் அங்கே குவிந்ததற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம், டோசாய் மெட்ரோ ரயில் நேராக ஓதெமாச்சி, நிஹோன்பாஷி வங்கி அலுவலகங்களுக்குப் போகிறது என்பது. 2000-ம் ஆண்டுக் கணினிப் பிரச்சினையைச் சரிசெய்ய வந்திறங்கிய என்ஜினியர்கள் அந்த வங்கிகளில்தான் வேலை செய்தார்கள். அது பாதிக் காரணம். மறுபாதி, அங்கே யூஆர் என்ற அரசு சார்ந்த வீட்டு வசதி நிறுவனத்தின் அடுக்குமாடிகள் நிறைய இருக்கின்றன. யூஆருக்கு ஜாமீன்தாரர் வேண்டாம், சாவிப் பணம் கிடையாது, உரிய விசாவும் வருமானமும் இருந்தால் எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. தனியார் ஓனர்கள் கதவை மூடியதால் எல்லோரும் திறந்திருந்த ஒரே கதவுக்குப் போனார்கள். சைத்தாமா மாகாணத்தின் கவகுச்சியில் ஷிபசோனோ என்ற குடியிருப்பும் யூஆருடையதுதான். அங்கே சீனர்கள் வந்து சேர்ந்து, இப்போது வசிப்பவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர்.

அப்புறம் என்ன சொல்வார்கள்? "பாருங்கள், வெளிநாட்டவர்கள் எங்களோடு கலக்காமல் தனியாகக் கூட்டம் போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள்." இதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே எரிச்சலூட்டும் பகுதி. வாடகைச் சந்தை தள்ளிவிட்ட இடத்தில் போய் உட்கார்ந்ததை அவர்களுடைய சுபாவம் என்று எழுதிவிடுகிறார்கள். நிஷிகசாய்க்காரர்கள் அந்தக் கூட்டத்திலும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புனேயில் வளர்ந்து, ஜப்பானியக் குடியுரிமை பெற்ற யோகேந்திர புராணிக் 2019-ல் எதோகாவா வட்ட மன்றத் தேர்தலில் ஜெயித்து உறுப்பினரானார்.

சரி, மறுக்கப்பட்டவர் வழக்குப் போட்டால்? அதற்கு ஜப்பானில் நன்றாகத் தெரிந்த ஒரு கதை இருக்கிறது, வீட்டைப் பற்றியது அல்ல, பொதுக் குளியலகத்தைப் பற்றியது.

ஹொக்கைடோ தீவில் ஓட்டாரு ஒரு துறைமுக நகரம். சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு ரஷ்ய மாலுமிகள் அங்கே நிறைய வர ஆரம்பித்தார்கள். மீனும் நண்டும் கொண்டுவந்து விற்று, பழைய ஜப்பானியக் கார்களை வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவார்கள். குளிர் நாடு, வெந்நீர்க் குளியலகங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே போனார்கள். ஜப்பானியப் பொதுக் குளியலுக்கு ஒழுங்கு உண்டு: வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும், துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. சில மாலுமிகள் குடித்துவிட்டு வந்தார்கள், நுரையோடு தொட்டியில் குதித்தார்கள். உள்ளூர் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்தினார்கள். யுனோஹானா என்ற குளியலகம் ‘ஜப்பானியர் மட்டும்’ என்று ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் போர்டு மாட்டியது.

1999 செப்டம்பரில் சில குடும்பங்கள் சேர்ந்து அங்கே போனார்கள். கணவர்கள் அமெரிக்கா, ஜெர்மனியைச் சேர்ந்தவர்கள், பல காலமாக ஹொக்கைடோவில் வேலை பார்ப்பவர்கள். மனைவிகளில் ஜப்பானியரும் இருந்தார்கள், சீனப் பெண் ஒருவரும் இருந்தார். குழுவில் ஒருவரான டேவிட் ஆல்ட்விங்கிள் அன்று நடந்ததைப் பின்னர் விரிவாக எழுதினார். வெள்ளைக்காரர்களைப் பார்த்ததும் மேலாளர் முடியாது என்றார். சீனப் பெண்ணைத் தடுக்கவில்லை, பார்க்க ஜப்பானியர் மாதிரி இருந்தார். அவர் சீனர் என்று சொன்ன பிறகு அவருக்கும் இல்லை என்றானது. ஆல்ட்விங்கிளுக்கு இரண்டு மகள்கள், இருவரும் பிறப்பால் ஜப்பானியக் குடிமக்கள். இவர்களை விடுவீர்களா என்று கேட்டதற்கு, மூத்தவள் வரலாம், சின்னவள் வெளிநாட்டுச் சாயல், அவளை விட முடியாது என்று பதில் வந்தது.

ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே. மாலுமிகளின் ஒழுங்கீனம் என்ற காரணம் அந்த வாசலில் என்ன கதியானது பாருங்கள். 2000-ல் ஆல்ட்விங்கிள் ஜப்பானியக் குடியுரிமை வாங்கி, அருடோ டெபிட்டோ என்று பெயர் மாற்றிக்கொண்டு, அதற்கான ஆவணத்தோடு திரும்பவும் அதே குளியலகத்துக்குப் போனார். நீங்கள் ஜப்பானியர் என்பதை ஒத்துக்கொள்கிறோம், ஆனால் பார்க்க அப்படி இல்லை, மற்ற வாடிக்கையாளர்கள் குழம்புவார்கள் என்று அப்போதும் திருப்பி அனுப்பினார்கள்.

2001 பிப்ரவரியில் மூன்று பேர் வழக்குப் போட்டார்கள். 2002 நவம்பரில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒழுங்கு தவறியவரை எச்சரிக்கலாம், வெளியேற்றலாம், தேவைப்பட்டால் போலீஸைக் கூப்பிடலாம். அதைவிட்டு வெளிநாட்டவர் எல்லோரையும் தடுப்பது சமூகம் பொறுக்கும் அளவைத் தாண்டிய பாகுபாடு. குளியலகம் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் யென் கொடுக்க வேண்டும். நகராட்சி மீதும் வழக்கு இருந்தது. ஐ.நா.வின் இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் ஜப்பான் 1995-ல் சேர்ந்துவிட்டது, ஆகவே இப்படிப்பட்ட போர்டுகளைத் தடைசெய்யும் விதி ஒன்றை நகராட்சி கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது வாதம். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. விதி போடுவது நகராட்சியின் சட்டக் கடமை அல்ல என்றது. மேல்முறையீட்டிலும் மாற்றமில்லை, 2005 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கதவை மூடியது.

இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவு இனம், நம்பிக்கை, பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவது, ஒரு வீட்டு ஓனரையோ கடைக்காரரையோ நேரடியாகப் பிடிக்காது. தனி ஆட்கள் செய்யும் இனப் பாகுபாட்டைப் பொதுவாகத் தடைசெய்யும் சட்டம் அங்கே இன்றுவரை இல்லை. பாதிக்கப்பட்டவர் சிவில் சட்டத்தின் நஷ்டஈட்டுப் பிரிவைப் பிடித்து, ஐ.நா. உடன்படிக்கையை அதற்கு விளக்கமாகக் காட்டி, தனித்தனியாக வழக்காட வேண்டும். 1998-ல் ஹமமட்சுவில் ஒரு நகைக்கடையிலிருந்து பிரேசில் நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்காக வெளியேற்றப்பட்ட பெண் பத்திரிகையாளர் இப்படித்தான் 1999-ல் 15 லட்சம் யென் தீர்ப்பு வாங்கினார். வழக்குப் போட்டவர் ஜெயிக்கிறார், சரிதான். பக்கத்துத் தெருக் கடைக்காரரை அந்தத் தீர்ப்பு ஒன்றும் செய்வதில்லை. எங்காவது ஒரு போர்டு இறங்கும். வீட்டு புரோக்கரின் போன் அழைப்பில் இறக்குவதற்குப் போர்டே கிடையாது.

சட்டம் கொண்டுவரப் பார்க்காமல் இல்லை. 2002-ல் மனித உரிமைப் பாதுகாப்பு மசோதா ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்து, ஊடகங்களைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறது என்ற எதிர்ப்பில் சிக்கி அடுத்த ஆண்டே காலாவதியானது. தொத்தோரி மாகாணம் 2005-ல் துணிந்து தன் சட்டமன்றத்தில் ஒன்றை நிறைவேற்றியது. எதிர்ப்பு அலை எழும்பியது, நடைமுறைக்கு வரும் முன்பே 2006-ல் நிறுத்திவைத்தார்கள், பிறகு ரத்தே செய்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னதில் எல்லா வெளிநாட்டவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டேன். நிஜத்தில் அப்படி இல்லை. வெள்ளை அமெரிக்கர் ஒருவருக்கு வீடு கிடைக்காமல் போகலாம், ஆனால் ஆங்கிலப் பள்ளியில் பாடம் நடத்தும் வேலைக்கு அவர் தோற்றமே பாதித் தகுதி. இந்திய என்ஜினியருக்கு ‘இரண்டிலக்க வாய்ப்பாடு மனப்பாடம்’ என்ற பெருமை துணைக்கு வரும். கம்பெனி தன் பெயரிலேயே வீடு எடுத்துக் கொடுத்துவிட்டால் அவர் எந்த ஓனர் முகத்தையும் பார்க்க வேண்டியதே இல்லை. வியட்நாமிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ‘தொழில்நுட்பப் பயிற்சியாளர்’ என்ற பெயரில் 1993 முதல் வந்துகொண்டிருப்பவர்களும் ஓனரைப் பார்ப்பதில்லை, காரணம் வேறு. அவர்கள் முதலாளி கொடுக்கும் விடுதியில் இருக்கிறார்கள், முதலாளியை மாற்ற முடியாது. அடித்தாலும் சம்பளத்தைப் பிடித்தாலும் ஓடிப்போவதுதான் வழி, ஓடியதும் விசா போய்விடும். வெளிநாட்டிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் பல வருஷம் திட்டு வாங்கிய பிறகு, 2024-ல் இந்தத் திட்டத்துக்கு மாற்றுச் சட்டம் நிறைவேறியது, 2027-ல் நடைமுறைக்கு வர வேண்டும். குறிப்பிட்ட நிபந்தனைகளோடு வேலை மாற அதில் வழி உண்டு.

கொரியர்கள் கதை இன்னும் விசித்திரம். 1910-ல் கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டபோது அவர்கள் ஜப்பானியப் பேரரசின் குடிமக்கள் ஆனார்கள். சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் லட்சக்கணக்கில் வந்தார்கள், பலர் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டார்கள். 1952 ஏப்ரல் 28 அன்று சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை அமலுக்கு வந்தபோது, அங்கேயே தங்கிவிட்டவர்களிடமிருந்து அந்தக் குடியுரிமை ஒரே நாளில் பறிக்கப்பட்டது. பேரன், கொள்ளுப்பேத்தி வரை ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பானிய மொழி மட்டுமே பேசி, இன்னமும் ‘சிறப்பு நிரந்தரக் குடியிருப்பாளர்’ என்ற பெயரில் வெளிநாட்டவராக இருப்பவர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல். முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது, ஓட்டாரு வாசலில் அவர்களை யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். பெயர் காட்டிக்கொடுக்கும். அதனால் பலர் ஜப்பானியப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு பள்ளிக்கும் வேலைக்கும் போனார்கள். 1970-ல் ஹிட்டாச்சி நிறுவனம் இப்படி ஜப்பானியப் பெயரில் விண்ணப்பித்துத் தேர்வான இளைஞரை, கொரியர் என்று தெரிந்ததும் வேலைக்கு எடுக்க மறுத்தது. நான்கு வருஷம் வழக்காடி 1974-ல் அவர் யோகோஹாமா நீதிமன்றத்தில் ஜெயித்தார். 1980-களில் வெளிநாட்டவர் பதிவேட்டுக்காகக் கைரேகை வைக்க மாட்டோம் என்று ஆயிரக்கணக்கானோர் மறுத்த போராட்டத்துக்கும் இவர்கள்தான் முதுகெலும்பு. குற்றவாளியிடம் எடுப்பதை எங்களிடம் ஏன் எடுக்கிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி.

கொரியர்களின் அச்சத்துக்கு ஒரு தேதி உண்டு: 1923 செப்டம்பர் 1. கான்டோ பூகம்பம் டோக்கியோவையும் யோகோஹாமாவையும் தரைமட்டமாக்கிய அன்று, கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. தடியும் வாளும் ஏந்திய ஊர்க்காவல் கும்பல்களும், ராணுவத்தினர், போலீஸாரில் சிலரும் சேர்ந்து கொரியர்களைக் கொன்றார்கள். எண்ணிக்கை பற்றி இன்னும் சண்டை நடக்கிறது, ஆயிரக்கணக்கில் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சீனர்களும் கொல்லப்பட்டார்கள். பேச்சு வழக்கில் வித்தியாசம் தெரிந்ததால் மாட்டிக்கொண்ட வெளியூர் ஜப்பானியர்களும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு, 2000 ஏப்ரலில் டோக்கியோ ஆளுநர் ஷின்டாரோ இஷிஹாரா தற்காப்புப் படையினர், அதாவது ராணுவத்தினர், முன் பேசியதைப் படிக்க வேண்டும். சட்டவிரோதமாக நுழைந்த அந்நியர்கள் கொடிய குற்றங்கள் செய்கிறார்கள், பெரிய பூகம்பம் வந்தால் கலவரம் செய்வார்கள், அப்போது நீங்கள் இறங்க வேண்டும் என்றார். பூகம்பத்தில் வெறிபிடித்துக் கொலை செய்தது யார் என்பதைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட பேச்சு. அவர் அதன் பிறகும் மூன்று முறை தேர்தலில் ஜெயித்தார். இப்போதைய ஆளுநர் யூரிகோ கொய்கே, கொல்லப்பட்ட கொரியர்களுக்கான நினைவு நிகழ்ச்சிக்கு ஆளுநர்கள் வழக்கமாக அனுப்பிவந்த இரங்கல் செய்தியை 2017 முதல் நிறுத்திவிட்டார்.

மரியாதையான மறுப்பு என்று தலைப்பில் சொன்னேன். அதற்கு வெளியே, ஒலிபெருக்கி வைத்து ஊர்வலம் போகும் கூட்டமும் உண்டு. 2009 டிசம்பரில் கியோட்டோவில் ஒரு கொரியத் தொடக்கப் பள்ளி வாசலில், உள்ளே குழந்தைகள் இருக்கும்போதே, ஸைதொக்குகாய் என்ற கொரியர் எதிர்ப்பு அமைப்பினர் நின்று வசைபாடினார்கள். 2013-ல் கியோட்டோ நீதிமன்றம் சுமார் 1.2 கோடி யென் நஷ்டஈடு விதித்தது. கொரியர்கள் நிறைய இருக்கும் பகுதிகளான டோக்கியோவின் ஷின்-ஓகுபோவிலும் கவசாகியின் சகுராமோட்டோவிலும் தொடர்ந்த ஊர்வலங்களுக்குப் பிறகு 2016-ல் வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டம் வந்தது. அதில் தண்டனை எதுவும் கிடையாது. ‘சட்டப்படி குடியிருப்பவர்’ என்ற வார்த்தையும் போட்டிருக்கிறது, விசா முடிந்தவரையும் அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பவரையும் திட்டலாம் என்று அர்த்தம் செய்துகொள்ள ஆள் இருக்கிறது. கவசாகி நகரம்தான் ஒரு படி மேலே போய், திரும்பத் திரும்பச் செய்பவருக்கு 5 லட்சம் யென் வரை அபராதம் என்று 2019-ல் நகர விதி போட்டது. நாட்டிலேயே தண்டனையோடு வந்த முதல் விதி அது.

விசா இல்லாதவர் நிலைமை என்ன என்பதை விஷ்மா சந்தமாலியின் மரணம் காட்டியது. இலங்கையிலிருந்து 2017-ல் மாணவியாக வந்தவர். கட்டணம் கட்ட முடியாமல் படிப்பு நின்றது, விசாவும் போனது. 2020 ஆகஸ்டில், கூட இருந்த ஆணின் வன்முறையிலிருந்து தப்பிப் போலீஸிடம் போனார். விசா இல்லை என்று நகோயா குடிவரவுத் தடுப்பு மையத்துக்கு அனுப்பப்பட்டார். சாப்பிட முடியாமல், எழுந்து நிற்க முடியாமல் வாரக்கணக்கில் மருத்துவமனைக்குக் கெஞ்சிய பிறகு 2021 மார்ச் 6 அன்று அங்கேயே இறந்தார். வயது 33. அவருடைய தங்கைகள் கேமரா பதிவைக் கேட்டுப் போராடினார்கள், ஜப்பானிய இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள், அப்போது நாடாளுமன்றத்தில் இருந்த குடிவரவு மசோதாவை அரசாங்கம் கைவிட்டது. இரண்டு வருஷம் கழித்து, 2023-ல், கிட்டத்தட்ட அதே மசோதா நிறைவேறியது.

தெருவில் போலீஸ் நிறுத்துவதும் தோற்றத்தைப் பார்த்துத்தான். வெளிநாட்டவர் தங்கும் அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 2 லட்சம் யென் வரை அபராதம். சைக்கிளில் போகும்போது, நிலைய வாசலில் யாருக்காவது காத்திருக்கும்போது, இரண்டு போலீஸ்காரர்கள் மிகப் பணிவாக வந்து அட்டையைக் கேட்பார்கள். 2021 டிசம்பரில் அமெரிக்கத் தூதரகமே இது பற்றித் தன் நாட்டவரை எச்சரித்தது. 2024 ஜனவரியில் மூன்று பேர் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் குழந்தையிலிருந்தே ஜப்பானில் வளர்ந்து குடியுரிமை பெற்றவர்.

இத்தனைக்கும் ஜப்பானுக்கு ஆள் வேண்டும். மக்கள்தொகை ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. 2024 இறுதியில் வெளிநாட்டவர் சுமார் 37.7 லட்சம், மொத்தத்தில் மூன்று சதவீதம். இந்தியர்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். வெளிநாட்டவர் செய்த குற்றங்களின் எண்ணிக்கை 2005 வாக்கில் உச்சத்துக்குப் போய், ஆட்கள் கூடிய போதும் பல வருஷம் இறங்கிக்கொண்டே வந்தது. பேச்சு மட்டும் எதிர்த்திசையில் போகிறது. 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் ‘ஜப்பானியருக்கே முதலிடம்’ என்று முழங்கிய சன்செய்தோ கட்சி 14 இடங்களைப் பிடித்தது. அடுத்த மாதமே, நான்கு நகரங்களை ஆப்பிரிக்க நாடுகளோடு இணைக்கும் பரிமாற்றத் திட்டம் ஒன்றை ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான ஜைக்கா அறிவித்தது. குடியேற்றம் வரப்போகிறது என்று வதந்தி பரவி, நகராட்சிகளின் போன்கள் ஓயாமல் அடித்தன. செப்டம்பர் 25 அன்று ஜைக்கா திட்டத்தையே வாபஸ் வாங்கியது.

இப்போது போய் இறங்குபவர்களுக்கு முன்பு இருந்ததைவிட வழிகள் கூடியிருக்கின்றன. வாடகைத் தளங்களில் ‘வெளிநாட்டவருக்குச் சம்மதம்’ என்று வடிகட்டித் தேடலாம். வெளிநாட்டவருக்கென்றே இயங்கும் ஜாமீன் கம்பெனிகள் வந்துவிட்டன. யூஆர் இருக்கிறது. மறுக்கப்பட்டால் நீதி அமைச்சகத்தின் மனித உரிமை ஆலோசனைப் பிரிவில் பல மொழிகளில் புகார் சொல்லலாம். அவர்கள் விசாரிப்பார்கள், ஓனருக்கு அறிவுரையும் சொல்வார்கள், வீட்டைக் கொடு என்று உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அதற்கு மேல் நீதிமன்றம். ஓட்டாரு வழக்கு முடிய நாலு வருஷம் ஆனது. வீடு தேடுபவர் பழைய இடத்தை இந்த மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும்.